பெட்டி இருக்கட்டும் தம்பி, பாட்டிலைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி:

"டாக்டர், எனக்கு 20 வயசு. ஆலங்குளம் பக்கம் மானாவாரிக் கிராமம். பிளஸ் டூ முடிச்சிட்டு ரெண்டு வருஷமா சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஆத்தங்கரை ஊர்ல, ஒரு ஐயா வீட்டுல வேலைக்கு நிக்கேன். சமையல், துணி, தோட்டம் எல்லாம் நான்தான். ராத்திரியும் அங்கதான் படுக்கேன். ஐயாவுக்கு 71 வயசு. முன்னால அரிசி மில் வச்சிருந்தவரு. அம்மா தவறிப் பல வருஷம் ஆச்சு. மக பெங்களூர்ல இருக்காக.

ஐயா யார்கிட்டயும் பேச மாட்டாரு. என்கிட்ட ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். வீட்டு உள்ளறையில, அரங்குல, ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. தெனமும் வெளக்கு வைக்கிற நேரம் உள்ள போய்க் கதவச் சாத்திக்குவாரு. அரை மணி நேரம் கழிச்சு வெளிய வரும்போது கண்ணு செவந்திருக்கும். என்ன ஐயான்னு கேட்டா, 'போலே, போய்ச் சோலியப் பாரு'ம்பாரு. ஆத்துல தண்ணி கூடுற சத்தம் கேட்டாப் போதும், அந்தப் பக்கத்து சன்னல் எல்லாத்தையும் அடைச்சிருவாரு. தெருவுல ஆளுக்கொரு கதை சொல்லுதாங்க. ஒருத்தர் பெட்டியில நகைங்காரு. ஒருத்தர் வேற குடும்பம் இருந்துச்சுங்காரு. டீக்கடை அண்ணாச்சி மட்டும், 92 வெள்ளத்துல ஐயாவோட மூத்த பையன் ஆத்தோட போயிட்டான், ஒடம்பே கெடைக்கலைன்னாரு. ஐயா வாயால இதக் கேட்டதில்ல. வீட்டுல அந்தப் பையன் படம் ஒண்ணுகூட இல்ல.

மூணு நாளைக்கு முன்னால சட்டை துவைக்கும்போது பையில பெட்டிச் சாவி கெடச்சுது. என்கிட்டதான் இருக்கு. ஐயா தேடுதாரு, ஆனா என்கிட்ட கேக்கல. ஐப்பசி மழை பிடிச்சதுலேர்ந்து அவருக்குச் சாப்பாடு பாதியாக் கொறஞ்சிட்டு. விடியக்காலம் மூணு மணிக்கே முழிச்சு உக்காந்திருக்காரு. பசுமாட்டப் பால்காரருக்குச் சும்மாவே ஓட்டி விட்டுட்டாரு. எனக்கு அவரு வாட்சக் குடுத்தாரு. தலகாணி அடியில ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில்ல மாத்திரையாச் சேத்து வச்சிருக்காரு, எதுக்குன்னு தெரியல. நான் கேக்க வந்தது இதுதான்: பெட்டியத் தொறந்து பாக்கலாமா? என்ன விஷயம்னு தெரிஞ்சாத்தானே ஆறுதல் சொல்ல முடியும்?"

பதில்:

தம்பி,

கடிதத்தின் கடைசியில் நீ ஃபோன் நம்பர் எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. படித்து முடித்ததும் உன்னைத்தான் கூப்பிட்டேன். "பெட்டி கிடக்கட்டும். அந்த ஆர்லிக்ஸ் பாட்டில் இப்போ எங்க இருக்கு? ஐயா எங்க இருக்காரு?" என்றுதான் முதலில் கேட்டேன். "பாட்டில் தலகாணி அடியில, ஐயா திண்ணையில" என்றாய். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் பேசினோம். அன்று சொன்னதையும், அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பெற்ற பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்க, பெரியவர்களோடு வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்கிற உன் வயதுப் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்கும் உதவட்டும் என்று நீ சம்மதித்ததால்தான் இது வெளியாகிறது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பெட்டியைப் பற்றி நீ ஒரு பக்கம் எழுதியிருந்தாய். பாட்டிலைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரியில்தான் என் கண் நின்றது. அதற்கு முன்னால் நீ சொன்னவற்றை மறுபடி படித்துப் பார். சாப்பாடு பாதியானது, விடியும் முன்னே விழித்துக்கொள்வது, ஆசையாக வளர்த்த பசுவைக் காசு வாங்காமல் ஓட்டிவிட்டது, கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி உனக்குக் கொடுத்தது, மாத்திரை சேர்ப்பது. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். வயசாகிவிட்டது, பசி குறையும். மாடு பார்க்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. பையன் நன்றாக வேலை பார்க்கிறான், வாட்ச் கொடுத்தார். ஆனால் ஐந்தும் ஒரே மழைக்காலத்தில் ஒரே மனிதரிடம் சேர்ந்து வந்தால், உயிரை முடித்துக்கொள்ளும் நினைப்பு அவருக்குள் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் விடக்கூடாது என்கிறேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் தலைவலி என்று என்னிடம் வந்தார். ஒரு வீட்டில் சமையல் வேலை பார்ப்பவர். பேச்சோடு பேச்சாக, "எங்க வீட்டு ஆச்சி கம்மலக் கழத்திப் பேத்திக்குக் குடுத்துட்டாக டாக்டர், இனி எனக்கெதுக்குன்னுட்டாக" என்றார். நான் தலைவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அதே பெண் வார்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். ஆச்சி உள்ளே கட்டிலில் இருந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் அதில் என் பங்கு எதுவும் இல்லை. எனக்குச் செய்தி பத்து நாள் முன்பே வந்துவிட்டது, நான்தான் காது கொடுக்கவில்லை. அன்றிலிருந்து, வீட்டு வேலை பார்ப்பவர்கள் போகிற போக்கில் சொல்லும் வார்த்தையை நான் விடுவதில்லை. அந்த வீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிற மகளுக்குக் கிடைப்பது "நல்லா இருக்கேன்மா, நீ சாப்ட்டியா" மட்டும்.

அந்த மகளுக்கு அன்றைக்கே ஃபோன் போடச் சொன்னேன். நீ தயங்கினாய். "உப்புத் தின்ன வீடு டாக்டர். காட்டிக் குடுத்த மாதிரி ஆயிராதா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்காகவே உன்மேல் எனக்கு மதிப்பு கூடியது. ஆனால் தம்பி, ஒரு வீட்டின் பழைய துக்கத்தைத் தெருவில் போய்ச் சொன்னால் அதுதான் காட்டிக்கொடுப்பது. உயிர் போகிற காரியத்தை அந்த உயிருக்கு உரிமைப்பட்டவரிடம் சொல்வது அப்படி ஆகாது. பெட்டி அவருடைய சொந்த விஷயம், அதை நீ காக்கலாம். பாட்டிலை நீ காக்கக்கூடாது. நீயும் அவரும் மட்டும் அறிந்த இரகசியமாக அது ஒரு இரவுகூட இருக்கக்கூடாது.

ஒளித்தும் செய்யாதே. அவரிடம் போய், "ஐயா, அக்காகிட்ட சொல்லப் போறேன். எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டே பேசு என்றேன். கோபப்படுவார், திட்டுவார். வேலையை விட்டுப் போ என்றுகூடச் சொல்லலாம். பரவாயில்லை. நீ அப்படியே செய்தாய், மகள் மறுநாள் பஸ்ஸில் புறப்பட்டு வந்துவிட்டார் என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாட்டிலை என்ன செய்வது என்பதையும் மற்றவர்களுக்காக எழுதிவிடுகிறேன். அவரிடம் கேட்டு, அவர் கையால் வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. "இத அக்கா கையில குடுத்திருவோம் ஐயா, தெனம் வேண்டிய மாத்திரைய நான் எடுத்துத் தாரேன்" என்று சொல். அவர் கொடுக்க மறுத்து, உனக்கும் பயம் விலகவில்லை என்றால், அவர் கோபத்துக்காக அதை அங்கேயே விட்டுவைக்காதே, எடுத்து மகளிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ கொடு. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட மாத்திரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டாம். தோட்டம் உள்ள வீடு என்றாய். பூச்சிமருந்து, எலி மருந்து எது இருந்தாலும் அன்றே வீட்டை விட்டு வெளியேற வேண்டும், பூட்டி வைப்பதுகூடப் போதாது. இந்த நினைப்பு பெரும்பாலும் அலைபோல ஏறி, சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஏறி நிற்கிற அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் அநேகம் பேர் தப்பித்துவிடுகிறார்கள்.

இனி நீ மிகவும் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். நேராகக் கேட்பது. "அதப் போய் வாயால கேக்க முடியுமா டாக்டர்? நாம கேட்டு, அதுவே அவருக்கு நெனப்பாயிட்டா?" என்றாய். நம் வீடுகளில் அந்த வார்த்தையை எடுத்தாலே அபசகுனம். ஆனால் கேட்பதால் இல்லாத நினைப்பு உண்டாவதில்லை. இருக்கிற நினைப்பைத் தனியாகச் சுமந்தவருக்கு, ஒருத்தன் கேட்டுவிட்டான் என்கிற ஆசுவாசம்தான் வருகிறது. சுற்றி வளைக்காதே. "தப்பா ஒண்ணும் நெனைக்கலையே?" என்று கேட்டால் "இல்ல" என்கிற பதிலை நீயே அவர் வாயில் வைத்துவிடுகிறாய். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல்கூட, "ஐயா, உசுர விட்டுரணும்னு ஒங்களுக்குத் தோணுதா?" என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. உடனே பதில் வராது. அந்த மௌனத்தை நீ பேசி நிரப்பிவிடாதே. ஆமாம் என்று சொன்னால், பதறாமல், "என்கிட்ட சொன்னீங்களே, அது போதும் ஐயா. இன்னைக்கு ராத்திரி நான் இங்கனயே படுக்கேன்" என்று சொல்லிவிட்டு மகளுக்கும் எங்களுக்கும் தகவல் சொல்.

நள்ளிரவில் யாரைக் கூப்பிட என்று தெரியாமல் தவிக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. தமிழக அரசின் 104-லும் ஆலோசனை உண்டு. அவர் எதையாவது சாப்பிட்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே 108. பார்க்க நன்றாக இருக்கிறாரே என்று காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. போலீஸ் கேஸாகுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தாமதிக்கிற வீடுகளை இன்றும் பார்க்கிறேன். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-வது பிரிவில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இது என்ன நோய், நோய்தானா, வெறும் துக்கமா என்று மகள் என்னிடம் கேட்டார். நேரில் பார்க்காமல் நான் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து ஆம்பிளைகள், அதுவும் எழுபதைத் தாண்டியவர்கள், "மனசு சரியில்ல" என்று சொல்லி நான் கேட்டது ரொம்பக் குறைவு. "வயிறு மந்தமா இருக்கு", "கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு", "ஒறக்கம் பிடிக்க மாட்டேங்கு" என்றுதான் வருவார்கள். அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் தெரியும். விடியக்காலம் மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி, அப்போது மனம் கல்லாய்க் கனத்து, பொழுது சாயச் சாயக் கொஞ்சம் லேசாவது இந்த நோயின் பழக்கம். வயசானால் இப்படித்தான் என்று ஒதுக்குவது தவறு. வயசானதற்காக யாருக்கும் வாழ்க்கை வெறுத்துப்போக வேண்டியதில்லை.

முதலில் இரத்தம் எடுத்துப் பார்ப்போம். தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், சோடியம் இறங்கினாலும் மனிதர் இப்படிச் சுருண்டுவிடுவார். பிரஷர் மாத்திரைகளில் சில சோடியத்தைக் குறைக்கும். காதையும் பார்க்க வேண்டும். பேச்சு சரியாகக் கேட்காதவர்கள் பேசுவதையே குறைத்துக்கொண்டு, உம்மணாமூஞ்சி என்று பெயர் வாங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மனச்சோர்வுதான் என்று தெரிந்தால் மருந்து உண்டு, பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சையும் உண்டு. மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவோம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், நன்றாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். இது பழக்கமாகிவிடுகிற தூக்க மாத்திரை கிடையாது. ஆனால் நாமாக நிறுத்தவும் கூடாது. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்: மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் மனம் தெளிவதற்கு முன்னே உடம்பில் தெம்பு வந்துவிடலாம். எழுந்து நடக்கிறார், குளிக்கிறார், சரியாகிவிட்டது என்று நினைத்து அப்போது கவனத்தைத் தளர்த்தக் கூடாது.

சாவிக்கு வருகிறேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. தேடிக் கண்டெடுத்த மாதிரி நடிக்காமல், "சட்டையில இருந்துச்சு ஐயா. மூணு நாளா என்கிட்டதான் வச்சிருந்தேன். தப்புதான். பெட்டியத் தொறக்கல" என்று சொல்லிக் கொடு. உனக்காகவும் இதைச் சொல்கிறேன். தெருவே அந்தப் பெட்டியில் நகை இருக்கிறது என்று பேசுகிறது. நாளைக்கு அந்த வீட்டில் எது காணாமற்போனாலும், அவருக்கே ஏதாவது ஆனாலும், முதல் கேள்வி வேலைக்கு நிற்கிற பையனிடம்தான் வரும். அது நியாயமில்லை. ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது. அந்தச் சாவி உன் கையில் இருக்கிற ஒவ்வொரு நாளும் உனக்கு ஆபத்து.

"தெரிஞ்சாத்தானே ஆறுதல் சொல்ல முடியும்" என்று கேட்டிருந்தாய். நீ திறந்து பார்த்தால் என்ன ஆகும் என்று யோசி. ஒருவேளை ஒரு பள்ளிக்கூடச் சட்டை, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், மடித்த ஒரு பேப்பர் கிடைக்கலாம். அதன் பிறகு நீ அவருக்குக் காப்பி கொண்டுபோகும்போது, பார்த்ததைப் பார்க்காத மாதிரி நிற்க வேண்டும். இப்போது அந்த வீட்டில் ஒருவர்தான் மறைக்கிறார். அப்புறம் இரண்டு பேர் மறைப்பீர்கள். அவர் ஒரு நாள் வாய் திறந்து, "அவன் பேரு..." என்று தொடங்கினால், அதை முதன்முறையாகக் கேட்கிற முகம் உன்னிடம் இருக்காது. இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறவருக்கு அந்த முகம்தான் வேண்டும்.

டீக்கடை அண்ணாச்சி சொன்னதை நான் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. நீயும் அப்படியே வைத்துக்கொள். ஆனால் அது உண்மையாக இருந்தால் அவர் நிலைமை எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். 1992 நவம்பர் 13-ம் தேதி தூத்துக்குடிப் பக்கம் புயல் கரை கடந்தது. அப்போது மலையில் கொட்டிய மழை அப்படியே தாமிரபரணியில் இறங்கியது. நீ அப்போது பிறக்கவே இல்லை. அந்த வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆற்றங்கரை ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். உடம்பு கிடைத்திருந்தால் ஒரு தேதி இருக்கும். தேதி இருந்தால் திதி இருக்கும். காடாத்து, கருமாதி, வருஷத் திதி, ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் எள்ளும் தண்ணீரும் என்று துக்கத்துக்கு நம் ஊரில் ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். உடம்பு கிடைக்காதவருக்கு அந்தப் பாதையில் முதல் அடியே வைக்க முடியாது. திதி கொடுத்தால் நாமே அவனைச் சாகடித்த மாதிரி ஆகிவிடுமோ என்று மனம் கூசும். கொடுக்காவிட்டால் கரையேறாமல் தவிப்பானோ என்று அடித்துக்கொள்ளும். படம் மாட்டினால் மாலை போட வேண்டுமே, அதனால் படமே மாட்டாமல் விட்டவர்களை நான் அறிவேன். வருஷங்கள் போனாலும் துக்கம் போன வருஷத்தது மாதிரியே நிற்பதை இப்போது மருத்துவமும் தனி நோயாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. அதற்கென்று பேசிச் செய்யும் சிகிச்சையும் இருக்கிறது.

மழைக்காலத்தில் இது ஏறுவதிலும் அதிசயம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அந்த வெள்ளத்துக்குப் பிறகு என் அறைக்கு வந்த வயதானவர்களில் சிலர் புது வெள்ளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, பழைய வெள்ளத்தில் போய் நின்றார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவதைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர் சன்னலை அடைத்தால், நீயும் கூட ஒரு கதவை அடைத்துக் கொடு. ஏன் என்று கேட்க வேண்டாம்.

அப்படியானால் உன் ஆர்வத்தை என்ன செய்வது? அதை நான் குறை சொல்லவே மாட்டேன். மூன்று மணி விழிப்பையும், சிவந்த கண்ணையும், பாதிச் சாப்பாட்டையும் கவனித்தது அந்த ஆர்வம்தான். பெட்டிப் பக்கம் திரும்பியிருப்பதை அவர் பக்கம் திருப்பு. ஒரு நோட்டு வாங்கி, எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை இட்லி சாப்பிட்டார், தெருவில் இறங்கினாரா, என்ன பேசினார் என்று தினம் நான்கு வரி எழுது. அந்த நோட்டை எழுதுவது அவருக்கும் தெரிந்திருக்கட்டும். இரண்டு வாரம் நீ எழுதுகிற நோட்டு, நான் அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட எனக்கு அதிகம் சொல்லும்.

பேச்சுக் கொடுப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் இந்த வயதுக்காரர்கள் பூட்டிக்கொள்வார்கள். மொச்சைக்காய் வந்துவிட்டது. ஒரு படி வாங்கி, முறத்தில் கொட்டி, திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரி. கொஞ்ச நேரத்தில் அவர் கையும் முறத்துக்கு வரும். மில் நடத்தியவருக்குச் சும்மா இருப்பது எப்போதும் சிரமம். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாக இளகும். நெல்லைப் பற்றிக் கேள். அவித்த நெல்லைக் களத்தில் எத்தனை வெயில் காயப் போட வேண்டும், பல்லில் கடித்துப் பதம் எப்படிப் பார்ப்பது என்று கேள். உன் ஊரைப் பற்றியும் சொல். உன் அப்பா அம்மாவைப் பற்றி அவர் எப்போதாவது கேட்டிருக்கிறாரா? நீயாகச் சொல்லலாமே.

விளக்கு வைக்கிற நேரம் அவர் அரங்குக்குள் போனால் போகட்டும். அது அவர் அழுகிற இடம். அதைப் பறித்துவிடக் கூடாது. ஆனால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போடாமல் இருக்கட்டும் என்று மகள் மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது ஒரு தம்ளர் சுக்குக் காப்பியோடு இரு. கண் சிவந்திருப்பதை நீ பார்த்துவிட்டாய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தால் பரவாயில்லை. "ஆம்பள அழலாமா", "எல்லாம் விதி", "எத்தன வருஷம் ஆச்சு, இன்னுமா" என்பவை மட்டும் உன் வாயில் வரவே கூடாது. தெருவில் யாராவது பெட்டியைப் பற்றித் தோண்டினால், "எனக்குத் தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டு நட. இன்றைக்கு அது உண்மையும்கூட.

உன்னைப் பற்றியும் நான் கவலைப்படுகிறேன். இருபது வயதில், ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காமல், அவர் மூச்சு விடுகிறாரா என்று இருட்டில் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று ஃபோனில் சொன்னாய். இதை ஒருவன் தனியாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மகள் இருக்கிறவரை இரவை நீங்கள் இருவரும் பங்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பிப் போவதற்குள் இன்னொரு உறவினர் வந்து தங்க ஏற்பாடாக வேண்டும் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் நீ ஊருக்குப் போய் உன் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வா. இவ்வளவு பார்த்தும் கைமீறி ஏதாவது நடந்தால் அது உன் குற்றம் ஆகாது. இந்த வரியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. நீ அதில் பதிந்திருக்கிறாயா என்று தெரியவில்லை, தொழிலாளர் நல அலுவலகத்தில் கேள். பிளஸ் டூவோடு நின்றுவிட்டதைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். அதையும் நான் கவனித்தேன். தனியாகப் பேசுவோம்.

ஐயா "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு, பைத்தியக்கார டாக்டர்ட்ட நான் ஏன் வரணும்" என்றாராம். சரியான கேள்வி. மனநல டாக்டர் என்று சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று மகள் நினைத்தார். அப்படி மறைக்கக் கூடாது என்றேன் நான். பொய் சொல்லிக் கூட்டி வந்தால் முதல் நாளோடு சரி. "ஒறக்கம் வரலைல்ல ஐயா, அதுக்கும் மனசுக்கும் சேத்துப் பாக்குற டாக்டர், ஒரு தடவ போய்ட்டு வருவோம், பிடிக்கலைன்னா அடுத்த தடவ வேண்டாம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு அங்கே இருக்கிறது. அவ்வளவு தூரம் வர முடியாதவர்கள், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை உங்கள் மூவருக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறேன். வெறும் வயிற்றில் கூட்டி வாருங்கள், இரத்தம் எடுத்ததும் சாப்பிடலாம், இட்லி கட்டிக்கொண்டு வா. அவர் சாப்பிடுகிற மாத்திரை, பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வா. அந்த ஆர்லிக்ஸ் பாட்டிலும் பையில் இருக்கட்டும், நோட்டும் இருக்கட்டும். பஸ்ஸில் ஆற்றுப் பக்கத்து சன்னலோரம் அவரை உட்கார வைக்காதே, அந்தப் பக்கம் நீ உட்கார்ந்துகொள்.